எட்டு ஓட்டை, ஒரு போல்ட்: டிங்கிப் பாய்க்கு ஒட்டுப்போட்ட கதை

"மூணு ஓட்டைதாண்ணா, டேப் போட்டா போதும்" என்று சொல்லித்தான் தம்பி தன் பாய்மரப் படகின் பாயைக் கொண்டுவந்தான். மொட்டைமாடியில் கொடிக்கயிற்றில் அதைப் போட்டு, எட்டு மணி வெயில் பின்னாலிருந்து அடிக்கும்படி நின்று பார்த்தோம். அவன் சொன்ன மூன்றுக்கு மேலே இன்னொரு வெளிச்சப் புள்ளி. அதற்கு மேலே இன்னொன்று. எல்லாம் சேர்த்து எட்டு வந்தது. தரையில் விரித்துப் பார்த்தால் இதில் பாதி கண்ணில் படாது. பாயைச் சோதிக்கும்போது வெயிலோ விளக்கோ துணிக்குப் பின்னால் இருக்க வேண்டும்.

படகு ஐஎல்சிஏ வகை டிங்கி, அதாவது ஒரே ஆள் ஓட்டும் சின்னப் பாய்மரப் படகு. துறைமுகத்தில் பழைய ஆட்கள் இன்னும் லேசர் என்றுதான் சொல்வார்கள். கனடாக்காரர் புரூஸ் கர்பி 1969இல் வரைந்தது. 1996 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது. படகின் உடல் ஒன்றுதான், பாய் மூன்று அளவில் வரும்: 4.7, 5.76, 7.06 சதுர மீட்டர். தம்பியுடையது நடு அளவு. சென்னைப் பெண் நேத்ரா குமணன் டோக்கியோவிலும் பாரிஸிலும் ஓட்டியது இதே அளவுப் பாயில்தான். இந்தப் பாய் மட்டும் மூன்றாவது கைக்கு வந்த பழசு.

துணி டாக்ரான். பாலியெஸ்டர் இழைக்கு டூபாண்ட் வைத்த வணிகப் பெயர் அது. இழையை நெருக்கமாக நெய்து, சூட்டில் சுருங்க வைத்து, பிசின் ஏற்றிவிடுவார்கள். அந்தப் பிசின் இருக்கிறவரை பாய் புதுக் காகிதம் மாதிரி சடசடக்கும், போய்விட்டால் துவைத்துத் துவைத்து நைந்த வேட்டியாகத் தொய்யும். வெயில் ஒரு பக்கம் கெடுக்கும். காற்றில் இழுத்துப் பிடிக்காமல் விட்ட பாய் படபடவென்று அடித்துக்கொள்வது அதைவிட வேகமாகக் கெடுக்கும்.

இனி ஒரு கணக்கு. 5.76 சதுர மீட்டர் என்றால் 57,600 சதுர செ.மீ. எட்டு ஓட்டைகளையும் ஒன்றாகச் சேர்த்தாலும் ஒரு சதுர செ.மீ. தேறவில்லை. ஆக, ஓட்டை வழியாகக் காற்று ஒழுகிப் படகு மெதுவாகப் போகும் என்ற பயத்துக்கு இடமே இல்லை. பிறகு எதற்கு ஒட்டுப்போட வேண்டும்? மணிக்கு 28 கி.மீ. காற்றில், அதாவது கடலோடிகள் கணக்கில் 15 'நாட்' வேகத்தில், இந்த அளவுப் பாயின் மேல் ஏறக்குறைய 20 கிலோ பாரம் விழும். காற்றின் வேகம் இரட்டித்தால் பாரம் நான்கு மடங்காகும். துணியில் இழைகள் அறுந்த இடத்தில் அவை சுமந்த பாரம் பக்கத்து இழைகளின் தலையில் விழுகிறது. தகட்டில் வட்டத் துளை போட்டால் அதன் விளிம்பில் இழுவிசை மூன்று மடங்காகும் என்று ஜெர்மானியப் பொறியாளர் கிர்ஷ் 1898இலேயே கணக்குப் போட்டிருக்கிறார். வட்டத்துக்குப் பதில் கீறல் என்றால் முனையில் இன்னும் மோசம். நெய்த துணி தகடு இல்லைதான், எண் அப்படியே பொருந்தாது. ஆனால் ஓட்டை பாயின் நடுவில் இருக்கிறதா, பின்விளிம்பருகே இருக்கிறதா, வட்டமா, கீறலா என்பதெல்லாம் ஏன் முக்கியம் என்பது இதிலிருந்து புரியும்.

இதையெல்லாம் தம்பியிடம் விளக்கியபோது, "சரிண்ணா, அப்போ எட்டு டேப்" என்றான்.

ஓட்டைகள் எங்கிருந்து வந்தன

ஒட்டுகிற வேலை அரை நாள். ஏன் ஓட்டை விழுந்தது என்று கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. எனக்கு அதில் வருத்தமில்லை.

எட்டில் ஏழு ஓட்டைகள் ஒரே கோட்டில் இருந்தன. அடிவிளிம்புக்கு ஒரு சாண் மேலே முதல் ஓட்டை, 6 மி.மீ. அதற்கு மேலே 5, அப்புறம் 4, இப்படிச் சிறுத்துக்கொண்டே போனது. ஆறாவதில் இழை அறவில்லை, பஞ்சு பிரிந்து நின்றது. ஏழாவது ஊசிமுனை அளவு, வெயிலுக்கு எதிரே மட்டும் தெரிந்தது. என் முதல் சந்தேகம் படகின் மேல். திறந்துகொண்ட பிளவு ஊசி, முறுக்கு விட்டுத் துருத்திய கம்பி, பாயின் அடியில் நிற்கும் பூம் கட்டையில் தலை நீட்டிய ரிவெட்: பாயைக் குத்துவது வழக்கமாக இவைதான். பாய்மரம், பூம், கப்பி எல்லாவற்றையும் பழைய நைலான் காலுறையால் உருவிப் பார்த்தோம். கூர் இருந்தால் காலுறை மாட்டும். எங்கும் மாட்டவில்லை.

அடுத்த வாரம் தம்பி அளவு டேப்பை வைத்து ஓட்டைகளின் இடைவெளிகளை அளந்தான். கீழே முதல் இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே 43 செ.மீ. மேலே போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கடைசி இரண்டுக்கு நடுவே 40. படகில் இருக்கும் எந்தக் கூர்முனையும் இப்படி அளந்து வைத்தாற்போல் குத்தாது. அவன்தான் சட்டென்று எழுந்துபோய்ப் பாயைச் சுருட்டி வைக்கும் பிவிசி குழாயை எடுத்துவந்தான். நாலு இஞ்ச் குழாய், சுற்றளவு 35 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. பாயை உச்சியிலிருந்து சுருட்டிக்கொண்டு வந்தால் அடிவிளிம்பு வெளிச்சுற்றில் வந்து முடியும். சுற்று ஏற ஏற உருளை பருக்கும், இடைவெளி 35இல் தொடங்கி 43 வரை வளரும். சுருட்டிப் பார்த்தோம். ஏழு ஓட்டைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து உட்கார்ந்தன. ஏழு தனித்தனி ஓட்டைகள் என்று நாங்கள் நினைத்தது ஒரே ஓட்டை. சுருட்டிய பாயை வெளியிலிருந்து எதுவோ ஏழு அடுக்கு ஆழத்துக்கு அரைத்திருக்கிறது.

எது என்பது அப்புறம் எளிதாகிவிட்டது. போன மாதம் படகு ஹைதராபாத் ஹுசேன் சாகர் ஏரிக்குப் போய்த் திரும்பியிருந்தது. போக 600 கிலோமீட்டருக்கு மேல், வர அதே அளவு. பாய் வேனின் மேல் கேரியரில் கட்டியிருந்தது. கேரியரின் குறுக்குக் குழாயைப் பிடித்திருந்த போல்ட் ஒன்று நட்டைத் தாண்டி ஒரு விரற்கடைக்கு மேல் நீண்டிருந்தது. மரை முழுக்க வெள்ளை நூல் தூசி. பாய்ப் பையிலும் அதே இடத்தில் ஓட்டை இருந்தது. அது ஏற்கெனவே கந்தல் பை, யாரும் கவனிக்கவில்லை. வண்டி குலுங்கக் குலுங்க மரை அரம் மாதிரி வேலை செய்திருக்கிறது.

தம்பி போல்ட்டை ஹாக்ஸாவால் அறுத்து, முனை மூடிய டோம் நட் மாட்டி, மேலே பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிவிட்டான். செலவு முப்பது ரூபாய்க்குள். அன்று எட்டு டேப் ஒட்டி அனுப்பியிருந்தால், அடுத்த பயணத்தில் எட்டாவது அடுக்கும் போயிருக்கும்.

எட்டாவது ஓட்டை

இது வேறு சாதி. பின்விளிம்பு தொய்யாமல் இருக்கப் பாய்க்குள் செருகும் பட்டைக் குச்சிக்குப் பேட்டன் என்று பெயர். பின்விளிம்பிலிருந்து பாய்க்குள் கிடைமட்டமாக ஓடும் பேட்டன் உறையின் உள்முனையில், இரண்டு செ.மீ. நீளத்துக்குச் சின்னக் கீறல். கண்ணாடியிழைப் பேட்டனை உருவிப் பார்த்தால் முனையில் பிளாஸ்டிக் குல்லாவைக் காணோம். முனை ஈர்க்குச்சி போலப் பிளந்து சிம்பு சிம்பாக நின்றது. பாய் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அந்தச் சிம்பு உள்ளிருந்து துணியைச் சுரண்டியிருக்கிறது. போல்ட் நல்ல துணியைக் குத்திய கேஸ். இங்கே துணி ஒரு வருஷமாகத் தேய்ந்துகொண்டே வந்து கடைசியில் விட்டிருக்கிறது. கீறலைச் சுற்றி ஒரு உள்ளங்கை அகலத்துக்குப் பாய் மிருதுவாக, மினுமினுப்பு போய் இருந்தது. பிசின் செத்த இடம்.

இதை எவ்வளவு பெரிதாக ஒட்டுவது என்று எனக்குத் தெளிவில்லை. காசிமேட்டில் வலை பின்னும் பெரியவர் ஒருவரைத் தெரியும். எழுபதைத் தாண்டியவர், சின்ன வயதில் கட்டுமரத்துக்குக் காடாத் துணியில் பாய் தைத்தவர். பாயைத் தோளில் போட்டுக்கொண்டு போனோம்.

அவர் கீறலைப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் அரை அடி தள்ளி இரண்டு கட்டைவிரலையும் துணியில் ஊன்றி எதிரெதிரே அழுத்தினார். கொஞ்சம் கொஞ்சமாகக் கீறலை நோக்கி நகர்ந்து வந்தார். ஓர் இடத்தில் மெல்லிய 'நிர்ர்' சத்தம் கேட்டது. விரலை எடுத்துவிட்டார்.

"இங்கருந்து செத்துப்போச்சு தம்பி. ஓட்டை அளவுக்கு ஒட்டுனீனா ஒட்டு நிக்கும், ஒட்டுக்குப் பக்கத்துல கிழியும். உசிரு இருக்கற எடம் வரிக்கும் போ."

அவ்வளவுதான். அதுவரை நான் ஓட்டையின் விளிம்பிலிருந்து அளந்துகொண்டிருந்தேன். எல்லாப் பக்கமும் ஒன்றரை இஞ்ச் விட்டு ஒட்டு என்பது வாய்ப்பாடு மாதிரி மனத்தில் பதிந்திருந்தது. நல்ல துணியில் விழுந்த ஏழு ஓட்டைகளுக்கு அந்த வாய்ப்பாடு போதும். எட்டாவதில் அளவு நல்ல துணி எங்கே தொடங்குகிறது என்பதிலிருந்து வர வேண்டும். இரண்டு செ.மீ. கீறலுக்கு 18 செ.மீ. ஒட்டு என்றால் பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

பையிலிருந்து என் ஊசியை எடுத்துக் காட்டினேன். கோணி ஊசி. "இத்த வெச்சி குத்துனா நீயே இன்னும் நாப்பது ஓட்டை போடுவ" என்றார். தம்பி சிரித்ததை இன்னும் மறக்கவில்லை.

கெட்டுப்போன முதல் வேலை

கீழிருந்து முதல் மூன்று ஓட்டைகளை ஏற்கெனவே ஒரு தடவை ஒட்டியிருந்தேன். பெரியவரைப் பார்க்கப் போவதற்கு முந்தின வாரம் நடந்தது, வெட்கத்தால் அவரிடம் சொல்லவில்லை. பசை பூசிய டாக்ரான் துணி, பாய்க்காரர்கள் இன்சிக்னியா என்பார்கள், நண்பர் ஒருவரிடம் ஒரு முழம் இருந்தது. பாயைக் கழுவி, காய வைத்து, ஒட்டி, தேய்த்து, எல்லாம் முறைப்படி. இரண்டாவது நாள் ஓட்டத்திலேயே ஒட்டின் ஓரம் நாக்கு நீட்டியது. மூன்றாவது நாள் ஒன்று கடலோடு போனது.

பசை மேல் பழிபோட்டுக்கொண்டிருந்தேன். தம்பி பாயை நக்கிப் பார்த்தான். உப்பு. நான் கழுவியது மாடித் தொட்டி போர் தண்ணீரில். எங்கள் தெரு போர் தண்ணீர் டீக்கே ஆகாது. அதில் பாயைக் கழுவினால் கடல் உப்பு போய் நிலத்து உப்பு ஏறும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். சென்னைக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்! பார்வைக்குக் காய்ந்த துணி, பசைக்கு அடியில் ஈரமாகவே இருந்திருக்கிறது.

இரண்டாம் முறை மெட்ரோ தண்ணீர் மூன்று பக்கெட். முதலில் ஊறவிட்டு, துணிசோப்பின் நுரையில் லேசாகத் துடைத்து, இரண்டு அலசல். முறுக்கிப் பிழியக் கூடாது, மடிப்பு விழுந்த இடத்தில் பிசின் உடையும். வெயில் நேராகப் படாத இடத்தில் ஒரு நாள் முழுக்கத் தொங்கியது. ஒட்டுவதற்குச் சற்று முன்னால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத் துணியால் ஒட்டும் இடத்தை மட்டும் துடைத்தோம். பழைய பசை மிச்சமிருந்த இடங்களில் முதலில் மண்ணெண்ணெய் தேவைப்பட்டது, அப்புறம் அந்த எண்ணெய்ப் பிசுக்கு போக ஆல்கஹால். வெள்ளி நிறத்தில் வரும் டக்ட் டேப்பை இப்போதே ஒதுக்கிவைத்து விடுங்கள். அவசரத்துக்குக் கரை வந்துசேர உதவும். இரண்டு வாரம் வெயிலில் விட்டால் அதன் பசை உருகி வழிந்து மண்ணெல்லாம் பிடித்து, கழற்றுகிறவன் பாடு திண்டாட்டம். இதுவும் அனுபவத்தில்தான் சொல்கிறேன், வேறொரு பாயில்.

ஒட்டுப்போட்டது

மாடியில் ஒரு பழைய கண்ணாடித் துண்டின் மேல் வைத்து சால்டரிங் அயர்னால் ஒட்டுகளை வெட்டினோம். கத்தரிக்கோலில் வெட்டினால் இழை பிரியும். சூட்டில் வெட்டினால் ஓரம் உருகித் தானே அடைபடும். கம்பியை ஒரே சீராக இழுக்க வேண்டும். நின்றால் அங்கே கட்டி தட்டும், கட்டி தட்டிய ஓரம் சீக்கிரம் கிளம்பும். முதல் இரண்டு வட்டங்களைக் குப்பையில் போட்டேன்.

வட்டத்திலும் இழைக்குத் திசை உண்டு. அதை மறந்தவர்கள் பலர். நெய்த துணி ஊடு, பாவு வாக்கில் இழுத்தால் நீளாது, மூலைவாட்டில் இழுத்தால் நீளும். ஒட்டின் இழையும் பாயின் இழையும் மாறி நின்றால், ஒன்று நீளும்போது மற்றது நீளாது, ஒட்டைச் சுற்றிச் சுருக்கம் விழும். இந்தப் பாய் பட்டைபட்டையாக வெட்டித் தைத்தது, பட்டைக்குப் பட்டை இழையின் திசை வேறு. அதனால் ஒவ்வொரு வட்டத்தின் காகிதத்திலும் பாவின் திசைக்கு ஒரு பென்சில் கோடு, பாயில் அந்தந்த இடத்தில் இன்னொரு கோடு. ஒட்டும்போது கோடும் கோடும் சேர வேண்டும்.

6 மி.மீ. ஓட்டையில் பிரிந்து நின்ற இழை நுனிகளைச் சால்டரிங் முனையால் தொட்டும் தொடாமலும் அடைத்தேன். ஒரு பக்கம் 8 செ.மீ. வட்டம், மறுபக்கம் அதே மையத்தில் 6 செ.மீ. இரண்டும் ஒரே அளவென்றால் இரண்டு ஓரமும் ஒரே இடத்தில் வரும், பாய் அந்தக் கோட்டில் மடியும். காகிதத்தை முழுசாக உரித்துவிட்டு ஒட்டப் போனால் காற்றுக் குமிழி நிச்சயம். பின்காகிதத்தை நடுவில் கீறி, ஒரு பாதியை உரித்து, கோட்டோடு கோடு வைத்து அழுத்தி, அப்புறம் மறுபாதி. எவர்சில்வர் கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து ஓரத்துக்கு, கை சூடு ஏறுகிற வரை தேய்த்தோம். பசை இறுக ஒரு நாள் விட்டோம். முதல் ஐந்து ஓட்டைகளுக்கும் இதே வேலை, வட்டத்தின் அளவு மட்டும் குறைந்துகொண்டே போனது. பஞ்சு பிரிந்த ஆறாவதுக்கு ஒரு பக்கம் மட்டும், சின்னதாக. தையல் எதற்கும் இல்லை. நல்ல துணியில் விழுந்த சின்ன ஓட்டைக்கு ஒட்டும் பசையும் போதும் என்பது என் கட்சி. தைக்கிற ஒவ்வொரு குத்தும் ஓட்டைதான்.

எட்டாவதுக்கு மட்டும் ஊசி எடுத்தேன். முதலில் கீறலின் இரண்டு உதடுகளையும் மீன்முள் தையலால் சேர்த்தேன். ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், முட்டி நிற்கிற அளவுக்குத்தான் நூலை இழுக்க வேண்டும். இறுக்கினால் அந்த இடம் கொசுவம் கட்டிக்கொள்ளும். பிறகு முனை மழுக்கிய நீள்சதுர ஒட்டு, 18 செ.மீ., பெரியவர் விரல் நின்ற இடத்தையும் தாண்டி நல்ல துணியில் இரண்டு விரற்கடை ஏறும்படி. ஓரத்தைச் சுற்றி வளைவுத் தையல் ஒரு வரிசை. நூல் பாலியெஸ்டர். செருப்பு தைக்கிற நைலான் நூல் மலிவு, ஆனால் அது நீளும், வெயிலில் சீக்கிரம் இற்றுவிடும். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய தேன்மெழுகில் நூலை இரண்டு தடவை இழுத்தால் முறுக்கு விடாது, வழுக்கிக்கொண்டு போகும். பாயின் ஒரு பக்கம் நான், மறுபக்கம் தம்பி. நான் குத்தியதை அவன் வாங்கி, ஒரு நூல் தள்ளித் திருப்பிக் குத்தினான். இரண்டு மணி நேரம் ஆனது. பருத்தித் துணியில் நூல் அமுங்கிக்கொள்ளும். டாக்ரான் விறைப்பு, நூல் மேலேயே நிற்கும், உரசலும் வெயிலும் முதலில் அதைத்தான் தின்னும். பழைய பாய் வாங்குகிறவர்கள் தையலை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். நூல் பொடிந்து வந்தால் துணியைப் பார்க்கும் முன்பே விலையைக் குறைக்கச் சொல்லலாம்.

பேட்டன் முனையை அரம் போட்டு, புதுக் குல்லா மாட்டினான். போட்டியில் இறக்கலாமா என்று கேட்டான். பாயின் வடிவமும் வேலையும் மாறாத பழுதுபார்ப்பை இந்த வகைப் படகின் விதிகள் அனுமதிக்கின்றன. எங்கள் வேலையில் வடிவம் எதுவும் மாறவில்லை, பார்வை மட்டும் கொஞ்சம் மாறிவிட்டது.

பிறகு

ஒட்டுப்போட்டு ஒரு பருவம் ஓடிவிட்டது. மே மாதத்து மதியக் கடல்காற்றில் வாரம் இரண்டு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்ட ஒட்டுகளில் ஒன்று, நாலாவது, ஓரத்தில் கால் இஞ்ச் கிளம்பியது. அது மரத்தோடு பாய் உரசுகிற இடம் என்று பிறகுதான் கவனித்தோம். கிளம்பிய நாக்கை வெட்டிவிட்டு மேலே கொஞ்சம் பெரிய வட்டம் போட்டாயிற்று. எட்டாவது ஒட்டு அசையவில்லை. ஆனால் அதற்கு ஒரு சாண் மேலே துணி மிருதுவாகிக்கொண்டு வருகிறது. இன்னொரு வருஷம் தாங்கினால் ஆச்சரியம்தான். தம்பி புதுப் பாய்க்குக் காசு சேர்க்க ஆரம்பித்துவிட்டான். பழசைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்வானாம்.

ஏழாவது ஓட்டையை, அந்த ஊசிமுனைப் புள்ளியை, நாங்கள் ஒட்டவில்லை. இழை அறவில்லை, விலகியிருக்கிறது, அவ்வளவுதான். அதைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் தேதி எழுதிவிட்டோம். போன ஞாயிறு கொடியில் போட்டுப் பார்த்தபோது வட்டம் மங்கி, தேதி பாதி அழிந்திருந்தது. புள்ளி அதே அளவு. தம்பி காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து வட்டத்தை மறுபடி வரைந்து, அன்றைய தேதியைப் போட்டான்.